பட்டில் வடித்த பெட்ரோல்

அவருடைய பட்டறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருந்தது. அதில் சணல் கயிற்றால் கழுத்தைக் கட்டிய ஒரு கண்ணாடி பாட்டில் தொங்கும். இருமல் மருந்து வந்த பாட்டில். ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டிவிட்டு, வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, என்ன கோளாறு என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் டேங்க்கிலிருந்து அதில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்திருப்பார். ஆணியில் மாட்டிவிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் பத்து நிமிடத்தில் அது கீழே இறங்கித் தனியாக நிற்கும். அந்தப் பத்து நிமிடம் முடியாமல் அவர் ஸ்பானரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் பிற்பாதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நான் ஆரணியில் அரசு வேலையில் இருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. தவறு அலுவலகத்துடையது அல்ல, என்னுடையது. அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சேர்த்து ஒருமுறை பொய் எழுதியவன் நான். ஊரில் எல்லாரும் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சேத்துப்பட்டு போகும் சாலையில், ஒரு டீக்கடைக்கும் ஒரு சாயப்பட்டறைக்கும் நடுவில் அவர் பட்டறை. முன்னால் ஓடும் சாக்கடை ஒரு நாள் அரக்கு நிறத்திலும் மறுநாள் கிளிப்பச்சையிலும் போகும். பம்புசெட்டு எஞ்சின், களம்பூர் அரிசி மில்களின் எஞ்சின், ஸ்கூட்டர், மொபெட் எல்லாம் அவரிடம் வரும். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும், எதையோ மோந்து பார்க்கப் போகிறவர் போல. உண்மையிலேயே எல்லாவற்றையும் மோந்து பார்ப்பார். டீக்கடையில் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பஸ் ஏறினால் டிரைவரிடம் போய் எங்கே டீசல் போட்டீங்க என்று விசாரித்துவிட்டு வந்துதான் உட்காருவார்.

அவர் வடிகட்டி பட்டுத் துணி. அவர் மனைவி வீட்டில் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தறியில் கறைபட்டு விலைபோகாமல் போன துண்டு எங்காவது கிடைத்தால் வாங்கி வருவார். ஜரிகை இல்லாத உடல் பட்டாக இருக்க வேண்டும். அதை மடித்துப் புனலில் வைத்து, முதலில் பெட்ரோலில் நனைத்துக்கொள்வார். ஒரு தபா பெட்ரோல் குடிச்ச பட்டு அப்பறம் பெட்ரோலத்தான் உடும், தண்ணிய உடாது என்பார். பக்கத்துத் தெரு தறிக்காரர் ஒருவர் தினமும் டீ குடிக்க வரும்போது அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"எம் பொண்டாட்டி கல்யாணத்துக்கே நூல்பொடவதான். இவரு எஞ்சினுக்கு பாரு, பட்டு கேக்குது."

மேஸ்திரிக்குக் கோபம் வராது. உங்க பொண்டாட்டி நடுவழியில நிக்க மாட்டாங்க, எஞ்சின் நிக்கும் என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

எனக்கு அவரிடம் பொறுமை இருந்ததில்லை. என் ஸ்கூட்டர் அடிக்கடி நின்றுவிடும். அவசரமாக வந்தவாசிக்குப் போக வேண்டும் என்று வந்து நிற்பேன். அவர் பாட்டிலை மாட்டிவிட்டு என்னையும் உட்காரச் சொல்வார். நான் உட்காராமல் கடிகாரத்தைப் பார்ப்பேன். "ஜல்தியா போனா பாதி வழில நின்னுகினு இருப்பீங்க சார். இங்க நில்லுங்க, நெழலாவது இருக்குது" என்பார். எரிச்சலோடு சிரிப்பேன். ஆனால் அவர் கையிலிருந்து போன வண்டி வழியில் நின்றதில்லை. அது தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் அவரிடமே போனேன்.

ஒருமுறை களம்பூர் மில்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவர் சாம்பார் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே நிறுத்தி, தலையைச் சாய்த்து, எழுந்து போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் விளக்குகள் ஒருமுறை மங்கி மறுபடி பிரகாசமாயின. திரும்பி வந்தபோது இலையை எடுத்துவிட்டிருந்தார்கள். அடுத்த பந்தியில் உட்காரச் சொன்னதற்கு, டேங்க்குல தண்ணி இருக்குதுங்க, நான் அங்கயே இருக்கேன் என்று போய்விட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது: "அவர உடுங்க. ரசத்தக்கூட பட்டுத்துணில வடிச்சிக் குடுத்தாதான் அந்த மனுசன் குடிப்பாரு."

இவ்வளவையும் எழுதுவது, அவருக்கு எது பெரிது என்று தெரிவதற்காக. எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல் சுத்தமாகவும் நிற்காமலும் போக வேண்டும். அதைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கவலையில் இன்னொரு பாதியும் உண்டு. அது காற்று. டேங்க் மூடியில் சின்னக் காற்றுவழி ஒன்று இருக்கும். அது அடைத்துக்கொண்டால், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் எஞ்சினுக்கு இறங்காது. ஒருநாள் என் ஸ்கூட்டரில் அதைக் குண்டூசியால் குத்தித் திறந்தபடியே சொன்னார். "எண்ண டின்னுக்கு ஊட்ல எத்தினி ஓட்ட போடுவீங்க சார்? ரெண்டு. ஒண்ணு எண்ண வர, ஒண்ணு காத்து போவ. அதேதான்." ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டு எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டைகளையும் ஆணி வைத்துப் போட்டவன் நான்தான்.

பிறகு அந்த மழை வந்தது.

கார்த்திகை மாதம். நான்கு நாள் விடாமல் பெய்து, ஊருக்கு வெளியே சில மைல் தள்ளி ஒரு பெரிய ஏரி உடைந்தது. கரைக்குக் கீழே கூலி வேலை செய்பவர்களின் குடியிருப்பு ஒன்று. நாற்பது பேர் போலப் பள்ளிக்கூடக் கட்டிடத்தின் மேல் ஏறி நின்றிருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அந்த மீட்பு வேலை என் பொறுப்பில் வந்தது. கடலோரத்திலிருந்து லாரியில் ஒரு படகு அனுப்பியிருந்தார்கள். அதன் பின்பக்கம் மாட்ட இரண்டு மோட்டார்கள், பெட்டியிலிருந்து புதிதாக எடுத்தவை. பெட்ரோல் டேங்க் மட்டும் ஒன்றுதான் வந்திருந்தது. படகோட்டிக்கு உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின்தான் பழக்கம். எண்ணெய் கலந்த பெட்ரோல் மோட்டார் என்றதும் நான் ஜீப்பை அனுப்பி மேஸ்திரியை ஏரிக்கரைக்கு வரவழைத்தேன்.

அவர் புனலோடும் பட்டுத் துணியோடும் பாட்டிலோடும் வந்து இறங்கினார். இரண்டு மோட்டாரையும் ஒரு டேங்க்கையும் பார்த்தார்.

"ரெண்டு மோட்டாரு எதுக்கு சார்? ஒண்ணு நின்னா இன்னொண்ணு இழுக்கும்னுதான? ரெண்டையும் ஒரே டேங்க்குல கோத்தா, ரெண்டும் ஒண்ணாதான் நிக்கும். ரெண்டு மணி நேரம் குடுங்க. இன்னொரு டேங்க்கு தயார் பண்ணிடறேன்."

அரை மணி நேரம்தான் தருவேன் என்றேன். ஒரே டேங்க்கிலிருந்து குழாயைப் பிரித்து இரண்டுக்கும் கொடுக்கச் சொன்னேன். தூரத்தில் பள்ளிக்கூடத்தின் மேலிருந்து யாரோ ஒரு வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்க என்னால் முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தவறில்லை என்று இப்போதும் தோன்றுகிறது. அதனால்தான் பின்னால் நடந்ததை எனக்கு நானே மன்னித்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அவர் பித்தளைக் குழாய்த் துண்டில் ஒரு பிரிவு செய்தார். பெரிய குடையை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, அதன் கீழே உட்கார்ந்து பெட்ரோலையும் எண்ணெயையும் கலந்து பட்டில் வடித்து ஊற்றினார். கடைசியில் அந்த டேங்க்கிலிருந்தே பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார். பத்து நிமிடம் என்றார். வேண்டாம், போதும் என்றேன். அவர் பாட்டிலை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நானும் கூட வரேன் சார் என்றார். படகில் ஆட்களை ஏற்ற இடம் வேண்டும் என்று மறுத்தேன். அது பாதி உண்மை. போகும் வழியிலும் நிறுத்திப் பாட்டிலை மாட்டுவார் என்ற எரிச்சல் மீதி. டேங்க் மூடியில் இருந்த சின்னத் திருகைத் தொட்டுக் காட்டி, "இது தெறந்தே இருக்கணும் சார், மழை பேஞ்சாலும்" என்றார். நான் உணவுப் பொட்டலங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

படகில் நானும் படகோட்டியும் மட்டும். கரையை விட்டு நூறு அடி போயிருப்போம். திரும்பிப் பார்த்தபோது, மேஸ்திரி கரைமேல் தோளில் ஒரு தகர டின்னோடு ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் ரப்பர் குழாய் ஆடியது. நான் கொடுத்த அரை மணி முடிந்த பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. இரண்டாவது டேங்க்கைத் தயார் செய்துவிட்டார். படகைத் திருப்பினால் ஐந்து நிமிடம். படகோட்டி என்னைப் பார்த்தார். நான் முன்னால் கையைக் காட்டினேன்.

பாதி வழியில் மழை வலுத்தது. டேங்க் என் காலடியில் இருந்தது. மூடியின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தச் சின்னத் திருகு திறந்திருப்பதைப் பார்த்தேன். பெட்ரோலில் தண்ணீர் இறங்கிவிடும் என்று பயந்தேன். எத்தனை வருடமாக அந்தப் பட்டுத் துணியையும் பாட்டிலையும் பார்த்தவன். குனிந்து விரலால் இறுக மூடினேன். மூடிய பிறகு மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பள்ளிக்கூடம் நன்றாகத் தெரியும் தூரத்தில் இடதுபக்க மோட்டார் இருமியது. அது நிற்பதற்குள் வலதுபக்கமும் இருமியது. மேஸ்திரி சொன்னபடியே இரண்டும் ஒன்றாக நின்றன. படகு குறுக்கே திரும்பி ஓட்டத்தில் போகத் தொடங்கியது. படகோட்டி மோட்டார்களைத் திறந்து எதையெதையோ கழற்றினார். கையிலிருந்து ஒரு சாமான் நழுவித் தண்ணீரில் விழுந்தது. நான் டேங்க்கைத் தூக்கிப் பார்த்து, நிறைய இருக்கிறது என்று கத்தினேன்.

அப்போது பள்ளிக்கூடத்தின் மேலிருந்து ஒருவர் இடுப்பில் கிணற்றுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார். முப்பது வயது இருக்கும். நீந்தி வந்து படகின் விளிம்பைப் பிடித்தார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "கட்டுங்க சார், இழுப்பாங்க" என்றார். நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஓட்டத்தில் வந்த மரம் ஒன்று படகில் மோதியது. கயிறு என் கையில் இருந்தது. அவர் இல்லை.

அந்தக் கயிற்றால் எங்களை இழுத்து மேலே ஏற்றினார்கள். அவருடைய மனைவியும் இழுத்தவர்களில் ஒருவர். மறுநாள் வேறு படகு வந்து எல்லாரையும் கரை சேர்த்தது. அதற்கு முன்னால், அந்தச் சாயங்காலம், டேங்க்கிலிருந்து போகும் குழாயின் நடுவில், கையால் அழுத்திப் பெட்ரோலை ஏற்றுவதற்காக இருந்த ரப்பர் உருண்டையைப் பார்த்தேன். வற்றிய அத்திக்காய் போல உள்ளுக்குள் ஒடுங்கியிருந்தது. டேங்க்குக்குள் காற்று போகாமல், மோட்டார்கள் கடைசிவரை உறிஞ்சிப் பார்த்திருக்கின்றன. எண்ணெய் டின்னின் இரண்டு ஓட்டைகள் நினைவுக்கு வந்தன. அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தத் திருகை நான் திறக்கவில்லை. இனி அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

விசாரணைக்கு மேலதிகாரி என்னிடம் எழுத்தில் கேட்டார். ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதினேன். மேஸ்திரியின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் கொடுத்த எரிபொருளில் நீர் கலந்திருந்ததாகத் தெரிகிறது என்று எழுதினேன். யாருக்குத் தெரிகிறது என்று எவரும் கேட்கவில்லை.

சின்ன ஊரில் இதெல்லாம் மறைந்திருக்காது. ஒரு வாரத்தில் களம்பூர் மில்காரர்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், "மேஸ்திரி, தாகமா இருக்குது, கொஞ்சம் பெட்ரோல் ஊத்துங்க" என்றாராம். பட்டுத் துணியைக் கிண்டல் செய்த தறிக்காரர் மட்டும் அந்த டிரைவரோடு சண்டைக்குப் போனாராம்.

ஒருநாள் காந்தி சாலையில், கயிற்றோடு நீந்தி வந்து இறந்துபோனவரின் மனைவி மேஸ்திரியை நிறுத்தி வைத்துக் கேட்டதை நானே பார்த்தேன். தண்ணி ஊத்தித்தான் எம் புருசன தண்ணிக்குக் குடுத்தியா என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டார். மேஸ்திரி தலையைக் குனிந்து, புனலை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். நான் ஸ்கூட்டரைப் பக்கத்துச் சந்தில் திருப்பிவிட்டேன்.

சில மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு வேலையாக ஆரணிக்குப் போனபோது பட்டறை இருந்த இடத்தில் சைக்கிள் வாடகைக் கடை இருந்தது. குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. இந்த நாற்பது வருடத்தில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, எத்தனையோ முறை விசாரித்திருக்கலாம்.

ஆனால் எனக்கு மாற்றல் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அறிக்கை போன நாலாம் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்கு அதே டேங்க்குல புடிச்சது சார். பாருங்க. தண்ணி இருந்தா அடில நிக்கும்."

பிறகு பார்க்கிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் போகவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏரிக்கரைலேருந்து லாரில திரும்பி வந்த டேங்க்க நான்தான் எறக்கினேன். காத்துத் திருகு இறுக்கி மூடியிருந்துச்சு. தெறந்தேன். புஸ்ஸுன்னு மூச்சு வாங்குச்சு சார், முழுவிப் போனவன் மேல வந்தாப்போல. யாரு மூடுனாங்கன்னு நான் கேக்கல. யார்கிட்டயும் சொல்லல. நீங்க இந்த பாட்டில பாத்துட்டு, தண்ணி இல்லன்னு மட்டும் எழுதிடுங்க. போதும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். படகில் என்னைத் தவிர இன்னொருவர்தான் இருந்தார், அவர் பின்பக்கம் மோட்டார்களோடு இருந்தார் என்பது மேஸ்திரிக்குத் தெரியும்.

பாட்டில் இரண்டு நாள் என் மேசைமேல் இருந்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழும். தேன் நிறத்தில், அடிவரைக்கும் ஒரே நிறமாக இருந்தது. பியூன் தூசி துடைக்கும்போது தூக்கிப் பார்த்து, என்ன சார் மருந்தா என்றார். கோப்போடு வந்த ஒவ்வொருவரும் அதைத்தான் பார்ப்பதாகத் தோன்றியது. அலமாரியில் வைத்துப் பூட்டினால் பூட்டியதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். கொட்டினால் நாற்றம் வரும். இரண்டாம் நாள் சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், என் ஸ்கூட்டர் டேங்க்கில் ஊற்றினேன். சேத்துப்பட்டு பாதையில் வெகுதூரம் போய்த் திரும்பினேன். வண்டி ஒரு இடத்திலும் இருமவில்லை.

மறுநாள் காலை அலுவலக வாசலில் அவர் நின்றிருந்தார். நான் அப்போதுதான் வந்து நிறுத்தியிருந்தேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார்?"

பார்த்தேன் என்றேன்.

"தண்ணி?"

நான் தலையை ஆட்டினேன். இருந்தது என்று அவர் எடுத்துக்கொள்ளும்படி ஆட்டினேன். பிறகு கைப்பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கி, வழக்கம்போல வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். அப்புறம் அவர் கழுத்து முன்னால் நீண்டது. என் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே மோந்துகொண்டு நின்றார்.

"வண்டி நல்லா ஓடுதுங்களா சார்?"

ஓடுகிறது என்றேன்.

"ஓடும்" என்றார். பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "படகு மோட்டாருக்குக் கலந்தது. எண்ண கொஞ்சம் தூக்கலா இருக்கும். ரெண்டு நாளைக்குப் பொக வரும், அப்பறம் நின்னுடும். பயப்படாதீங்க சார்."